ஹோம் டிப்போவா, லோஸா, மெனார்ட்ஸா, பக்கத்து ஏஸா: எதை எங்கே வாங்குவது?

சிகாகோ புறநகரான பிளெயின்ஃபீல்டில் புதிதாக வீடு வாங்கிய தம்பி ஒருவர் சாவி கைக்கு வந்த அன்று மாலையே கூப்பிட்டார். கோவைக்காரர். இத்தனை வருடம் அபார்ட்மென்ட்டில் இருந்தவர். குழாய் ஒழுகினால் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டால் போதும், ஆள் வந்துவிடும். இனி அந்த ஆள் இவரேதான்.

"அண்ணா, வீட்டு ரிப்பேர் சாமானெல்லாம் எங்க வாங்குறதுங்க? ஹோம் டிப்போவா, லோஸா? ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"ஒண்ணு இல்ல தம்பி. அதுபோக நம்ம பக்கம் மெனார்ட்ஸ் இருக்கு, ஏஸ் இருக்கு. என்ன வாங்கப் போறீங்கன்னு மொதல்ல எழுதி அனுப்புங்க."

அனுப்பினார். பதினோரு பொருள்: குளியலறைக் குழாய், பெயின்ட், பேஸ்மென்ட்டில் (வீட்டின் நிலவறையில்) சுவர் எழுப்பக் கட்டை, டிரில், டிஷ்வாஷர், சம்ப் பம்ப் (பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) என்று நீண்டு, கடைசியில் வாட்டர் ஹீட்டர். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் நீண்டுவிட்டது. புது வீட்டில் நிற்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நான் நேப்பர்வில்லில் பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். நான்கு கடைகளும் பதினைந்து நிமிடக் கார் ஓட்டத்துக்குள். இந்த வசதி அமெரிக்காவில் எல்லோருக்கும் கிடையாது. மெனார்ட்ஸ் பெரும்பாலும் நடுமேற்கு மாநிலங்களில்தான். விஸ்கான்சினில் ஓ கிளேர் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் நிறுவனம், முந்நூற்றுச் சொச்சம் கடைகள். நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ இருப்பவர்கள் மெனார்ட்ஸ் பற்றி எழுதியிருப்பதைப் படிக்காமல் தாண்டிப் போகலாம்.

எந்தக் கடை மலிவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் ஹோம் டிப்போவும் லோஸும் பெரும்பாலான பொருளில் சில சென்ட் வித்தியாசத்தில் நிற்கும். ஒருவர் விலையை மற்றவர் தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். உங்கள் காசு கரைவது வேறு இடத்தில்: தப்பான பொருளை வாங்கி மூன்று தடவை அலைவது, வந்த பொருளில் கோளாறு இருந்து யாரும் பொறுப்பேற்காமல் போவது. அதனால் நான் ஒவ்வொரு பொருளுக்கும் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: இது தப்பாகப் போனால் யாரிடம் போய் நிற்பேன்?

சேவையிலிருந்தே தொடங்குகிறேன். ஹோம் டிப்போ 1979இல் அட்லான்டாவில் இரண்டு கடைகளோடு தொடங்கியது. பெர்னி மார்கஸ், ஆர்தர் பிளாங்க் இருவரும் வேறொரு ஹார்ட்வேர் நிறுவனத்திலிருந்து வேலையை விட்டு நீக்கப்பட்டவர்கள். அவர்கள் கடையின் பலமே ஆரஞ்சு ஏப்ரன் போட்ட ஆட்கள்தான். பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர் என்று தொழில் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்தார்கள். வாங்க வருபவருக்கு வேலையையே சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். 2000 கடைசியில் ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து தலைமை அதிகாரியாக வந்த பாப் நார்டெல்லி செலவைக் குறைக்க முழுநேர அனுபவசாலிகளின் இடத்தில் பகுதிநேர ஆட்களைக் கூட்டினார். லாபம் ஏறியது, கடைக்குள் ஆள் கிடைக்கவில்லை. 2005இல் அமெரிக்க வாடிக்கையாளர் மனநிறைவுக் குறியீட்டில் ஹோம் டிப்போ 73 புள்ளியிலிருந்து 67க்கு இறங்கிப் பெரிய சில்லறைக் கடைகளில் கடைசிக்கு வந்தது. 2007 ஜனவரியில் அவர் விலகினார். அடுத்து வந்த ஃபிராங்க் பிளேக் கடைத்தளத்துக்குத் திரும்பவும் கவனம் கொடுத்தார். ஆனால் பழைய அளவுக்குத் தொழில்காரர்கள் நிறைந்த கடை மறுபடி வரவில்லை. லோஸிலும் இன்று இதே நிலைதான். வட கரோலினாவில் 1921இல் ஒரு சிற்றூர்க் கடையாகப் பிறந்தது; இப்போது ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட கடைகள், ஒவ்வொன்றிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விஷயம் தெரிந்த ஆட்கள்.

அந்தச் சிலரை எப்படிப் பிடிப்பது என்பதற்கு எனக்கு ஒரு வழி உண்டு. சனிக்கிழமை மதியம் போகாதீர்கள். வார நாளில் காலை ஏழு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் கட்டட வேலைக்காரர்கள் சரக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் கடையும் நிறுத்தியிருக்கும். ஹோம் டிப்போவின் விற்பனையில் ஏறத்தாழப் பாதி இந்தத் தொழில்காரர்களால் வருவது. லோஸில் அந்தப் பங்கு குறைவு, வீட்டுக்காரர்கள் அதிகம். லோஸ் கடைக்குள் வெளிச்சமும் ஒழுங்கும் கூடுதலாகத் தெரிவதற்கும், ஹோம் டிப்போவில் கட்டை, கான்கிரீட், ஒயர் எப்போதும் குவிந்து கிடப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பொருள் எங்கே இருக்கிறது என்று தேட ஆளே வேண்டாம், இரண்டு கடைகளின் ஆப்பும் எந்த வரிசை, எந்தத் தட்டு என்று காட்டிவிடும். ஆனால் "கையிருப்பு 2" என்று காட்டினால் நம்பிக் கிளம்பாதீர்கள். அந்த இரண்டும் யாரோ ஒருவர் வண்டியில் ஏறியிருக்கும், அல்லது உடைந்து மூலையில் கிடக்கும்.

ஏஸ் வேறு வகை. சிகாகோவில் 1924இல் தொடங்கியது. தலைமையகம் இங்கே பக்கத்தில் ஓக் புரூக்கில். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள், ஆனால் பெரும்பாலானவை உள்ளூர்க்காரர் ஒருவரின் சொந்தக் கடை. அந்த முதலாளிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுதான் ஏஸ். அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு ஏஸ் கடைகளில் இரண்டு விலை இருக்கலாம். வாடிக்கையாளர் கருத்தைத் திரட்டும் ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஆய்வில் 2007 தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்து வாடிக்கையாளர் திருப்தியில் முதலிடம் பிடித்தது. ஏன் என்பது எனக்கு ஒரு மழை இரவில் புரிந்தது.

மே மாதம். மூன்று நாளாக மழை. இரவு எட்டரைக்குப் பேஸ்மென்ட்டில் உர்ர்ரென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சம்ப் பம்ப் இரைகிறது, தண்ணீர் மேலே போகவில்லை. குழியில் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர். மகளை வாளியோடு நிறுத்திவிட்டு ஏஸுக்கு ஓடினேன். கடை மூட இருபது நிமிடம். சிவப்பு வெஸ்ட் போட்ட பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், நான் பெட்டியை எடுக்கப் போகும்போதே கையை நீட்டித் தடுத்தார். குழி எத்தனை அங்குல அகலம், வெளியே போகும் பைப் ஒன்றே காலா, ஒன்றரையா, தண்ணீர் எத்தனை அடி உயரம் ஏற வேண்டும் என்று கேட்டார். ஃபோனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். நான் எடுக்கப் போனதை விட்டுவிட்டு, அரைக் குதிரைத்திறன் பம்ப் ஒன்று, தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வு ஒன்று, பைப்புகளை இணைக்கும் ரப்பர் கப்ளிங் ஒன்று, இரண்டு கிளாம்ப் எடுத்துக் கொடுத்தார். கடைசியாக ஒன்று சொன்னார்: பம்ப்புக்குச் சற்று மேலே, செக் வால்வுக்குக் கீழே, பைப்பில் அரைக்கால் அங்குல ஓட்டை ஒன்று போட வேண்டும். இல்லையென்றால் காற்று அடைத்துக்கொண்டு, புதுப் பம்ப்பும் பழையது போலவே இரையும், தண்ணீர் ஏறாது. ஒன்பதே முக்காலுக்குத் தண்ணீர் வெளியேறத் தொடங்கியது.

அதே திறன் பம்ப் மெனார்ட்ஸில் நாற்பது டாலர் குறைவு என்று பிறகு பார்த்தேன். அந்த ஓட்டை விஷயத்தை யாரும் சொல்லாமல் மலிவாக வாங்கி வந்திருந்தால் அன்றிரவு என் பேஸ்மென்ட் கார்ப்பெட் போயிருக்கும்.

ஆகவே அவசரத்துக்கும், உங்களுக்குப் பெயர் தெரியாத பொருளுக்கும் ஏஸ். கையில் பழைய பொருளை எடுத்துக்கொண்டு போய் "இது மாதிரி ஒன்று" என்று கேட்கும் வேலைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே ஒரு போல்ட், இரண்டு வாஷர் என்று இழுப்பறையிலிருந்து எண்ணி எடுக்கலாம். கிரில்லுக்குப் புரொப்பேன் வேண்டுமென்றாலும் நிரப்பித் தரும் ஏஸைத் தேடுங்கள். கடை வாசல் கூண்டில் மாற்றித் தரும் சிலிண்டரில் பொதுவாக 15 பவுண்டுதான் இருக்கும். நிரப்பினால் 20 பவுண்டு வரை ஏறும். ஆனால் பெயின்ட் பிரஷ், பல்பு, எக்ஸ்டென்ஷன் கார்டு மாதிரி எங்கும் கிடைக்கும் சாமானுக்கு ஏஸ் போனால் விலை கூடத்தான் இருக்கும். அந்தப் பெரியவருக்குச் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. நான் மனமாரக் கொடுக்கிறேன். சின்னக் கடைகள் நிலைத்து நிற்பது எளிதில்லை. இதே மாதிரி சிறு கடைகளுக்குச் சரக்கு கொடுத்து வந்த, சிகாகோவிலேயே இருந்த ட்ரூ வேல்யூ 2024 அக்டோபரில் திவால் மனு போட்டு, டூ இட் பெஸ்ட் என்ற போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது.

பேஸ்மென்ட் சுவருக்குக் கட்டை, டிரைவால் (கட்டைச் சட்டத்தின் மேல் அடிக்கும் ஜிப்சம் பலகை), கதவு என்று மொத்தமாக வாங்குவதற்கு மெனார்ட்ஸ். அங்கே 11 சதவீத ரிபேட் அடிக்கடி வரும். இதை மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பில் போடும்போது 11 சதவீதம் குறையாது. முழு விலையைக் கொடுத்து, ரசீதை வைத்து ரிபேட் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். சில வாரம் கழித்து மெனார்ட்ஸிலேயே செலவழிக்கும் ஒரு காகிதம் தபாலில் வரும். 100 டாலர் கொடுத்து 111 டாலர் சாமான் வாங்குவதுதான் கணக்கு, ஆக உண்மையான தள்ளுபடி 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. அதுவும் நீங்கள் அனுப்பினால்தான், தொலைக்காமல் வைத்திருந்தால்தான், திரும்ப அங்கேயே போனால்தான். பேஸ்மென்ட் கட்டும் குடும்பத்துக்கு இது பெரிய பணம். முதல் ரிபேட்டில் விளக்கும் சுவிட்சும் வந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு ஒன்றுமில்லை. நடுமேற்கில் ஹோம் டிப்போ சில காலங்களில் இந்த 11 சதவீதத்துக்கு ஈடு கொடுத்திருக்கிறது. வாங்கும் வாரத்தில் கேட்டுப் பாருங்கள்.

கட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மெனார்ட்ஸில் வேறு. உள்ளே கவுன்ட்டரில் சீட்டு வாங்கிப் பணம் கட்டி, காரோடு பின்னாலிருக்கும் யார்டுக்குள் போய் நீங்களே அடுக்கிலிருந்து எடுத்து ஏற்ற வேண்டும். வெளியே வரும்போது காவலர் சீட்டையும் வண்டியையும் சரிபார்ப்பார். முதல் தடவை பதற்றமாக இருக்கும். ஆனால் அவசரப்படுத்த ஆள் இல்லாததால் ஒவ்வொரு கட்டையையும் கண்ணுக்கு நேரே துப்பாக்கி போலப் பிடித்து, வளைவு இருக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம். டூ-பை-ஃபோர் என்று பெயர்தான். அளந்தால் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். பிளான் போடும்போது இதை மறந்த நண்பர் ஒருவர் கதவுச் சட்டத்தை இரண்டு தடவை பிரித்தார். இன்னொன்று, சிகாகோ சுற்றுவட்டார ஊர்களில் பெரும்பாலும் வீட்டு ஒயரிங் உலோகக் குழாய்க்குள்தான் போக வேண்டும். யூடியூபில் வேறு மாநிலத்துக்காரர் மஞ்சள் ஒயரை அப்படியே சுவருக்குள் இழுப்பதைப் பார்த்து அதை வாங்கி வராதீர்கள். ஊர் இன்ஸ்பெக்டர் பிரிக்கச் சொல்வார்.

பெரிய ஆர்டர் என்றால் ஹோம் டிப்போவில் தொழில்காரர்களுக்கான கவுன்ட்டரான புரோ டெஸ்க்கையும் ஒரு கை பாருங்கள். பெரிய தொகை ஒரே பில்லாகப் போனால் மொத்த விலை கேட்கலாம். கான்ட்ராக்டராக இருக்க வேண்டியதில்லை. கேட்காதவருக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

இனி டிரில். இங்கே நீங்கள் வாங்குவது ஒரு டிரில்லை அல்ல, ஒரு பேட்டரியை. ரையோபி, ரிஜிட் இரண்டும் அமெரிக்காவில் ஹோம் டிப்போவின் சரக்கு. கோபால்ட் லோஸின் சரக்கு. ஒரு பேட்டரி வாங்கிவிட்டால் அடுத்த பத்து வருடம் ரம்பம், விளக்கு, இலை ஊதி எல்லாவற்றுக்கும் அந்தக் கடைக்கே போவீர்கள். ரையோபியின் 18 வோல்ட் வரிசை 1996இல் வந்தது. இன்று வாங்கும் பேட்டரி அன்றைய டிரில்லிலும் பொருந்தும். கோபால்ட் தன் பழைய பேட்டரி வரிசைகளை நிறுத்திவிட்டு 24 வோல்ட்டுக்குப் போனது. பழையதை வைத்திருந்தவர்களுக்குப் பேட்டரி கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. வீட்டு வேலைக்கு நான் ரையோபிதான் சொல்வேன். ரிஜிட் வாங்கினால் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், ஆயுள் கால சர்வீஸ் ஒப்பந்தம் அதை வைத்துத்தான்.

பெயின்ட்டும் இப்படித்தான் கடையோடு கட்டுண்டது: பேர் (Behr) என்ற பிராண்ட் ஹோம் டிப்போவில் மட்டும், வால்ஸ்பார் பிராண்ட் லோஸில். இரண்டுமே சுவருக்குப் போதும். ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயின்ட் கம்பெனியின் சொந்தக் கடையில் போட்டிருக்கும் விலை கண்ணைக் கட்டும், ஆனால் 30, 40 சதவீதத் தள்ளுபடி அடிக்கடி வரும், அதுவரை பொறுத்திருந்தால் விலை நெருங்கிவிடும். அங்கே கவுன்ட்டரில் நிற்பவருக்குப் பெயின்ட் மட்டுமே வேலை. பழைய பெயின்ட் உரியும் சுவர் என்றால் அங்கே போய்க் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இந்தக் கடைகளின் கிரெடிட் கார்டு விஷயம். லோஸ் கார்டில் பெரும்பாலான பொருளுக்கு 5 சதவீதம் பில்லிலேயே குறையும். ஹோம் டிப்போ கார்டில் அந்தக் கழிவு இல்லை. 299 டாலருக்கு மேல் வாங்கினால் ஆறு மாதம் வட்டியில்லாத் தவணை, ரிட்டர்ன் காலம் 90 நாளுக்குப் பதில் ஒரு வருடம். அந்தத் தவணையில் ஒரு பொறி இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் கடைசி டாலர் வரை அடைக்கவில்லை என்றால், வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டு மொத்த வட்டியும் வரும், அதுவும் 30 சதவீதத்தை ஒட்டி. புது வீட்டுக்காரர்கள் ஒரே மாதத்தில் ஐந்து செலவைக் கார்டில் போட்டு இதில் மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

குளியலறைக் குழாய்க்கு ஒரு வார்த்தை: பழையது மோயென் அல்லது டெல்டா கம்பெனிக் குழாய் என்றால், புதிதாக வாங்கும் முன் அந்தக் கம்பெனியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டுமே முதலில் வாங்கிய வீட்டுக்காரருக்கு ஆயுள் உத்தரவாதம் தருகின்றன. கம்பெனியைக் கூப்பிட்டுப் படத்தை அனுப்பியதும், தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகமான கார்ட்ரிட்ஜை இலவசமாகத் தபாலில் அனுப்பியது எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

இப்போது டிஷ்வாஷர். இங்கேதான் நான் அதிகம் பட்டேன். ஒரு பெரிய கடையில், பெயர் வேண்டாம், நல்ல விலைக்கு வாங்கினேன். பொருத்தித் தருவதும் சேர்த்து. குறித்த நாளில் இரண்டு பேர் வந்தார்கள். பழைய இயந்திரத்துக்கு மின்சாரம் பிளக்கில் இல்லை, உலோகக் குழாய்க்குள் வரும் ஒயரில் நேரடி இணைப்பு என்று பார்த்ததும், "நாங்கள் பிளக் இருந்தால்தான் பொருத்துவோம்" என்று பெட்டியை ஹாலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கடையைக் கூப்பிட்டால் டெலிவரி கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். டெலிவரி கம்பெனி, கடையைக் கேளுங்கள் என்றது. நான்காம் நாள் நானே பெட்டியைப் பிரித்தபோது பக்கத் தகட்டில் உள்ளங்கை அளவு நசுங்கல். 48 மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். என் மனைவி மூன்று வாரம் பாத்திரத்தைக் கையால் கழுவிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பெரிய கடைகளில் டெலிவரி செய்பவரும் பொருத்துபவரும் பெரும்பாலும் கடையின் ஆட்கள் இல்லை, ஒப்பந்தக்காரர்கள். ஆர்டர் போடும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். இந்தச் சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்கு கிளென்வியூவில் ஆப்ட் என்ற கடை இருக்கிறது. 1936இலிருந்து ஒரே குடும்பம் நடத்துவது, லாரியும் அவர்களுடையது, பொருத்துபவரும் சர்வீஸ் ஆளும் அவர்கள் சம்பளப் பட்டியலில். விலையும் பெரிய கடைகளை ஒட்டியே இருக்கும். தூரம் என்றால் காஸ்ட்கோ: 90 நாள் ரிட்டர்ன், இரண்டு வருட உத்தரவாதம். பிரைஸ் மேட்ச், அதாவது வேறு கடையின் குறைந்த விலையைக் காட்டி அதே விலை, கேட்கலாம் என்று போகிறவர்கள் மாடல் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பார்க்க ஒரே இயந்திரம், கடைசி எழுத்து மட்டும் வேறாக இருக்கும். எண் மாறினால் விலை ஈடு கிடையாது. எங்கே வாங்கினாலும் பெட்டி வாசலில் இருக்கும்போதே ஆறு பக்கமும் படம் எடுத்து, டெலிவரி ஆள் நிற்கும்போதே பிரித்துப் பாருங்கள்.

தம்பியின் பட்டியலில் கடைசி, வாட்டர் ஹீட்டர். ஹோம் டிப்போவில் ரீம், லோஸில் ஏ.ஓ. ஸ்மித். ஆறு வருடம், ஒன்பது வருடம், பன்னிரண்டு வருடம் என்று உத்தரவாதத்துக்கு ஏற்ப விலை. கடையே ஆள் அனுப்பிப் பொருத்தித் தருவதாகச் சொல்லும், டிஷ்வாஷர் கதையில் வந்த அதே ஏற்பாடு. கேஸும் புகைப்போக்கியும் உள்ள விஷயம். நான் உள்ளூரில் லைசென்ஸ் உள்ள பிளம்பரைக் கூப்பிட்டு, ஊர் அலுவலகத்தில் பெர்மிட் எடுத்துப் போட்டேன். கடை விலையைவிடக் கூடத்தான் ஆனது. ஆனால் இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் ஒரு காலை வெந்நீர் வராதபோது எனக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. போட்டவரே மதியத்துக்குள் வந்தார்.

இதைப் படித்துவிட்டுத் தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டார். "அண்ணா, ஹீட்டர் மேல ஒட்டியிருக்கிற சீட்டுல 2011ன்னு போட்டிருக்குங்க."

"அப்ப பட்டியலைத் திருப்பிப் போடுங்க தம்பி. அதுதான் முதல். பிளம்பர் நம்பர் அனுப்புறேன்."